கரையில் இருந்தோர் சாட்சியம்: திருகோணமலைத் துறைமுகப் பிரதேசமும் கொள்ளைநோய்களும்

திருகோணமலையின் வரலாறு பெரும்பாலும் கடலிலிருந்து கரையை நோக்கியவர்களாலேயே எழுதப்பட்டு வந்துள்ளது. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரான்சியர், ஆங்கிலேயர் என அடுத்தடுத்து வந்தோர் யாவரும் இத்துறையின் ஆழத்தையும், இருபருவக் காற்றுகளுக்கும் கப்பல்கள் ஒதுங்கி நிற்கத்தக்க அதன் அமைப்பையும் அளந்து குறித்துவைத்தனர். 1782 ஆம் ஆண்டொன்றிலேயே துறைமுகம் ஆங்கிலேயர் கைக்கும் பின்னர் பிரான்சியர் கைக்கும் மாறியமை, 1795 இல் ஆங்கிலேயர் கோட்டையைக் கைப்பற்றியமை, 1942 ஏப்பிரல் 9 ஆம் திகதி யப்பானிய விமானங்கள் குண்டு வீசியமை ஆகியன யாவரும் அறிந்த செய்திகள். உள்ளூர் மரபிலே தோன்றிய கோணேசர் கல்வெட்டு முதலிய நூல்களோ கோயிலின் தொழும்புகளையும் உரிமைகளையும் எடுத்துரைக்கின்றன. ஒருபுறம் கோட்டையின் வரலாறு. மறுபுறம் கோயிலின் வரலாறு. இவ்விரண்டிற்கும் இடையே, துறைமுகத்தைச் சூழ வாழ்ந்த சாதாரண மக்கள் நோயுற்ற காலத்தில் எவ்வாறு வாழ்ந்தனர், எவ்வாறு இறந்தனர் என்னும் வினா விடையின்றிக் கிடக்கின்றது.

துறைமுகம் என்பது பொருள்கள் மட்டும் வந்திறங்கும் வாயில் அன்று. மனிதர் வந்திறங்கும் இடமெல்லாம் நோயும் வந்திறங்கும். ஆதலின் கொள்ளைநோயின் வரலாறு துறைமுக வரலாற்றின் புறத்தே நிற்கும் ஒன்றன்று. அதன் உள்ளுறுப்பே ஆகும். கடந்த இருநூறு ஆண்டுகளிலே திருகோணமலையைத் தொட்டுச் சென்ற கொள்ளைநோய்கள் சிலவற்றை முன்வைத்து, அவற்றை வாழ்ந்து கடந்தோரின் அனுபவம் எங்கே பதிவாகியது, எங்கே பதிவாகாது போயிற்று என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1819: துறையினின்று புறப்பட்ட கப்பல்

1817 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் வங்காளத்தின் யெசோர்ப் பகுதியிலே பெருகத் தொடங்கிய வாந்திபேதி, அதுகாறும் ஒரு பிரதேசத்து நோயாக இருந்த நிலையை விட்டுப் படைகளோடும் வணிகரோடும் யாத்திரிகரோடும் நாடு கடந்தது. 1818 இல் சென்னையையும் தென்னகத்தையும் தாக்கி, அவ்வாண்டின் இறுதியில் யாழ்ப்பாணத்தை எட்டிய அந்நோய், 1819 இல் கொழும்பிலும் திருகோணமலையிலும் பரவியது. வரலாற்றாசிரியர் முதலாவது வாந்திபேதிப் பெருந்தொற்று என வழங்குவது இதனையே.

அக்காலத்தில் திருகோணமலை ஆங்கிலேயக் கடற்படையின் கிழக்கிந்தியப் பிரிவுக்கு முக்கியமான தளமாக விளங்கியது. இத்துறையிலே நோய் பரவியிருந்த வேளையில், 1819 இல் இங்கிருந்து புறப்பட்ட 'டோபாஸ்' என்னும் போர்க்கப்பல், ஒக்டோபர் 29 ஆம் திகதி மொரீசியசுத் தீவின் போட் லூயித் துறையை அடைந்தது. நவம்பர் நடுப்பகுதியில் அந்நகரில் வாந்திபேதி வெடித்தெழுந்தது. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர், அவருள்ளும் அடிமைகளாக்கப்பட்டிருந்த மக்களே மிகுதியானோர். 1820 சனவரியில் நோய் அண்டைத் தீவாகிய பூர்போனையும் எட்டியது. இன்று றீயூனியன் என வழங்குவது அத்தீவே.

மொரீசியசில் இதுபற்றிப் பெரும் வாதம் எழுந்தது. அப்போது பதில் ஆளுநராக இருந்த றால்ஃப் டார்லிங், கப்பலைத் தடுத்துவைக்காது விட்டமையாலேயே இவ்வழிவு நேர்ந்தது எனத் தீவின் பிரான்சியக் குடியேறிகள் குற்றஞ்சாட்டினர். நோய் கப்பலில் வந்ததன்று, தீவின் காற்றிலும் வெப்பத்திலும் தோன்றியதே என மறுத்துரைத்தோரும் இருந்தனர். வாந்திபேதி நீரின் வழியே பரவுகின்றது என்பதை இலண்டன் மாநகரில் யோன் சினோ எடுத்துக்காட்டியது 1854 இலேயே. அதற்குரிய நுண்ணுயிரை றொபேட் கொக் எகிப்திலும் கல்கத்தாவிலும் ஆராய்ந்து நிறுவியது 1883-84 ஆம் ஆண்டுகளிலேயே. எனவே 1819 இல் இருதரப்பாரும் இருளிலே நின்று வாதிட்டனர் எனலாம்.

எனினும் எமது நோக்கிற்கு வேண்டியது அவ்வாதத்தின் முடிவன்று. அதிலே திருகோணமலை பெறும் இடமே. கப்பலின் பெயர் தெரிகின்றது. அது சேர்ந்த நாள் தெரிகின்றது. குற்றஞ்சாட்டப்பட்ட ஆளுநரின் பெயர் தெரிகின்றது. திருகோணமலையோ 'நோய் புறப்பட்ட இடம்' என்ற ஒரு முகவரியாக மாத்திரமே வருகின்றது. துறைமுகம் ஒன்று இயங்குவதற்குக் குடிநீர் ஏற்றுவோர் வேண்டும். துணி வெளுப்போர் வேண்டும். தோணி வலிப்போர் வேண்டும். மீனும் அரிசியும் விற்போர் வேண்டும். டோபாசின் மாலுமிகளுக்கு முன்னரே நோயைச் சந்தித்தோர் இவர்களே ஆதல் கூடும். அவ்வாண்டிலே இவர்கள் வீடுகளில் நிகழ்ந்தவற்றை இவர்களின் வாய்மொழியாகக் கூறும் ஏடு ஒன்று எமக்கு வந்து சேரவில்லை.

1852: பெயர் பொறித்த ஒரு கல்லறை

திருகோணமலை நகரிலே பழைய ஆங்கிலேயக் கல்லறைத் தோட்டம் ஒன்று உண்டு. அங்கே அடக்கம் செய்யப்பட்டவருள் சாள்ஸ் ஒஸ்ரின் என்னும் கடற்படைத் தளபதியும் ஒருவர். இவர் ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஒஸ்ரினின் இளைய சகோதரர். இரண்டாவது பர்மியப் போரின்போது ஐராவதி ஆற்றிலே கப்பலில் இருந்த இவர், 1852 ஒக்டோபர் 7 ஆம் திகதி தமது எழுபத்துமூன்றாவது வயதில் வாந்திபேதியினால் இறந்தார். அவர் உடல் திருகோணமலையில் அடக்கம் பெற்றது. வெளிநாட்டிலிருந்து வரும் இலக்கிய ஆர்வலர் இன்றும் அக்கல்லறையைத் தேடி வருவதுண்டு.

இதனைக் குறையாகக் கூறுவதற்கில்லை. இறந்தவனுக்கு ஒரு கல்லும், கல்லிலே ஒரு பெயரும் இருத்தல் நன்றே. ஆயின் பர்மாவின் ஆற்றில் வாந்திபேதியால் இறந்த ஒருவருக்குத் திருகோணமலை மண்ணிலே பெயர் இருக்க, அம்மண்ணிலேயே பிறந்து அதே நோயினால் இறந்தோர் பெயரின்றிப் போயினர் என்பது சிந்தித்தற்குரியது. நோய் ஆளைப் பார்த்து வருவதில்லை என்பர். நினைவு ஆளைப் பார்த்தே நிலைக்கின்றது.

சொல்லும் சடங்கும் சான்றாதல்

அவ்வாறாயின் மக்கள் அனைத்தையும் மறந்துவிட்டனரா? ஏடு எழுதாதோர் நினைவை வேறிடங்களில் வைத்தனர். அவற்றுள் ஒன்று மொழி. ஈழத்துப் பேச்சுத் தமிழிலே 'கோதாரி' என்னும் சொல் இன்றும் வழங்குகின்றது. அதன் பொருள் வாந்திபேதி. 'கோதாரியிலே போவான்' என்று வைபவர் பலருக்கு அது ஒரு நோயின் பெயர் என்பதே தெரியாது. ஒரே இரவில் வீடு வெறுமையாகிய அச்சத்தை ஒரு தலைமுறை சாபமாக்கி வைத்தது. அடுத்த தலைமுறைகள் அச்சத்தை மறந்து சாபத்தை மட்டும் காத்தன. 'கொள்ளையிலே போக' என்னும் வசையும் இத்தகையதே.

மற்றொன்று வழிபாடு. கிழக்கிலங்கையின் கண்ணகி அம்மன் கோயில்களில் வைகாசி மாதத்தில் நிகழும் குளிர்த்திச் சடங்கு, வெம்மையையும் வெம்மையால் வரும் நோய்களையும் தணிவிக்கும் வேண்டுதலாகும். அம்மை நோயை 'அம்மாள் வருத்தம்' என்று மரியாதையோடு கூறிய மக்கள், நோயுற்றவர் வீட்டு வாயிலிலே வேப்பிலை செருகினர். வேப்பிலையைக் கண்டவர் உள்ளே புகார். வீட்டார் பிறர் வீட்டு நிகழ்ச்சிகளுக்குச் செல்லார். நோயின் காரணத்தை அறியாதபோதும், அது நெருக்கத்தினால் தொற்றுவது என்பதை அனுபவத்தால் அறிந்து, அவ்வறிவை ஒழுக்கமாக அமைத்துக்கொண்ட சமூகம் அது. பெரியம்மை உலகினின்று ஒழிக்கப்பட்டதாக உலக சுகாதார நிறுவனம் 1980 இல் அறிவித்தது. வேப்பிலையின் பொருளோ இன்னும் எம்மவர்க்கு விளங்குகின்றது.

சொல்லும் சடங்கும் சமூகத்தின் அச்சத்தைக் கூறவல்லன. தனிமனிதனின் துயரத்தைக் கூறவல்லன அல்ல. எந்த வீட்டில் எந்தப் பிள்ளை இறந்தது, அதனைத் தாய் எவ்வாறு பொறுத்தாள் என்பதைச் சாபச்சொல் ஒன்றிலிருந்து நாம் மீட்டெடுக்க முடியாது.

1918: எண்ணாக மட்டும் எஞ்சிய பேரழிவு

மேற்கூறிய குறைபாடு 1918-19 ஆம் ஆண்டுகளின் இன்புளுவன்சாப் பெருந்தொற்றிலே மிகத் தெளிவாகப் புலப்படுகின்றது. 1905 இல் கடற்படைத் தளம் மூடப்பட்டபின் திருகோணமலை ஓய்ந்து கிடந்த காலம் அது. புகையிரதப் பாதை 1927 இலேயே அங்கு வந்து சேர்ந்தது. ஆனால் 1914 இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே தொடங்கிய கப்பற் சேவை, இலங்கையை இந்தியாவோடு முன்னெப்போதையும்விட நெருக்கமாகப் பிணைத்திருந்தது. முதலாம் உலகப் போர் கப்பல்களையும் படைவீரரையும் உலகெங்கும் அலைத்துக்கொண்டிருந்தது.

1891 முதல் 1931 வரையான ஐந்து குடிசன மதிப்புகளையும், வாரந்தோறும் பதிவான இறப்புகளையும் ஒப்புநோக்கி 2014 இல் வெளியான ஆய்வொன்று, இப்பெருந்தொற்றினால் இலங்கை இழந்த மக்கள்தொகை ஏறத்தாழ 3,07,000 என மதிப்பிடுகின்றது. இது அன்றைய மக்கள்தொகையின் 6.7 சதவீதம். இதிலே இறந்தோருடன், நோயின் விளைவாகப் பிறவாது போன குழந்தைகளும் அடங்குவர். தீவின் வடபகுதியிலும் தென்பகுதியிலும் 1918 ஒக்டோபர்த் தொடக்கத்திலும், மத்திய பகுதியில் 1919 மார்ச்சுத் தொடக்கத்திலும் இறப்புகள் உச்சத்தை எட்டின எனவும், நோய் இருவேறு வாயில்களால் தீவினுட் புகுந்தது எனவும் அவ்வாய்வு காட்டுகின்றது.

பதினைந்து பேருக்கு ஒருவர் என்ற அளவிலே ஒரு நாடு தன் மக்களை இழந்தது. எனினும் எமது பேச்சுவழக்கிலே அந்நோய் 'கோதாரி' போன்றதொரு சொல்லைத்தானும் விட்டுச் செல்லவில்லை, அதற்கென ஒரு தெய்வமும் இல்லை, சடங்கும் இல்லை. காய்ச்சல் என்னும் பொதுச்சொல்லுக்குள் அது கரைந்து போயிற்று. பேரழிவு எதுவும் தன் பருமனுக்கேற்ப நினைவில் நிற்கும் என எண்ணுதல் தவறு என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டியதில்லை. நிற்பது நிறுத்தப்பட்டதே.

2020-21: யாம் கண்டவை

கொவிட் பெருந்தொற்றின் முதலிரண்டு ஆண்டுகளையும் திருகோணமலை நகரிலே கழித்தவன் என்ற முறையில், அக்காலத்து அனுபவம் சிலவற்றை இங்கு பதிவுசெய்தல் பொருத்தமாகும்.

2020 மார்ச் 20 ஆம் திகதி மாலை ஆறு மணிக்கு நாடெங்கும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. ஊரடங்கு எமது மாவட்டத்துக்குப் புதியதன்று. முப்பதாண்டுப் போரிலே அதனுடன் வாழ்ந்து பழகியோர் அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய் என வாங்கி வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டனர். பழக்கமற்றதாக இருந்தது வேறொன்று. எமது அயலில் வசித்த முதிய தாயொருவர் வேலிக்கு அப்பால் நின்று கூறினார்: "சண்டைக்கு ஓடினம், கடலுக்கு ஓடினம். இதுக்கு மட்டும் ஓடாம இரு எண்டுறாங்கள். சனத்தைக் கண்டு பயப்பிடு எண்டுறாங்கள்."

இக்கூற்று ஆராயத்தக்கது. போர்க்காலத்திலே மக்கள் கோயில்களிலும் தேவாலயங்களிலும் பாடசாலைகளிலும் ஒன்றுகூடி உயிர் காத்தனர். 2004 டிசெம்பர் 26 ஆம் திகதி கடல் பொங்கியபோது முன்பின் அறியாதவர் வீட்டுத் திண்ணைகளில் தங்கினர். துன்பம் வந்தால் கூட்டத்தோடு சேர் என்பதே இப்பிரதேச மக்கள் கற்ற பாடம். கொவிட் அப்பாடத்தைத் தலைகீழாக்கிற்று. கூடுதலே ஆபத்து, அயலவரே ஐயத்துக்குரியவர். நோய் கண்ட வீட்டின் வாயிலிலே பொதுச் சுகாதாரப் பரிசோதகர் அறிவித்தல் ஒன்றை ஒட்டிச் செல்வார். பாட்டனார் காலத்து வேப்பிலையின் இடத்தில் ஒரு தாள். ஆனால் வேப்பிலை இருந்த வீட்டிலே அம்மாள் எழுந்தருளியிருந்தாள். தாள் ஒட்டிய வீட்டிலே குற்றவாளி இருப்பதுபோல் சிலர் நோக்கினர். அறிவியல் வளர்ந்திருந்தது, நோயாளிக்கு இருந்த மதிப்போ குறைந்திருந்தது.

மற்றொரு பக்கமும் உண்டு. அத்தகைய வீடுகளின் படலையிலே சோற்றுப் பொதியும் மரக்கறியும் மருந்தும் யார் வைத்தது என்று தெரியாமலே வைக்கப்பட்டிருந்ததையும் கண்டோம். 2020 ஏப்பிரல் இறுதியில் நோன்பு தொடங்கியபோது பள்ளிவாசல்கள் மூடப்பட்டிருந்தன. பெரும் கிடாரங்களிலே காய்ச்சிப் பங்கிடப்படும் நோன்புக் கஞ்சி வீட்டுப் பானைகளிலே காய்ந்தது. முஸ்லிம் நண்பர் ஒருவர் சிறு வாளியிலே கொண்டுவந்து எமது மதிலின் மேல் வைத்துவிட்டு, பத்தடி தள்ளி நின்று பேசிச் சென்றமை நினைவில் நிற்கின்றது.

மீனவர் நிலையை விதந்து கூறல் வேண்டும். கடலில் நோய் இல்லை, மீனும் குறைவில்லை. எனினும் 2020 ஒக்டோபரில் கொழும்புக்கு அண்மையிலுள்ள பேலியகொடை மீன் சந்தையிலே தொற்றுப் பரவி அது மூடப்பட்டதும், தீவின் எல்லாக் கரைகளிலும் மீன் விலை வீழ்ந்தது. மீனை உண்டால் நோய் வரும் என்ற வதந்தியும் பரவியது. அதனைப் பொய்யென்று காட்ட, முன்னாள் மீன்பிடி அமைச்சர் ஒருவர் செய்தியாளர் முன்னிலையில் பச்சை மீனைக் கடித்துக் காட்டியதும் அவ்வாண்டு நவம்பரிலேயே. திருக்கடலூர்க் கரையிலே தோணியை ஏற்றிவிட்டு வெறுமனே அமர்ந்திருந்தோரிடம் கேட்டபோது, வலைக்குச் செல்வதிலும் செல்லாதிருப்பதே செலவு குறைவு என்றனர். நோய் வராதவரையும் கொள்ளைநோய் இவ்வாறு வருத்தும் என்பதை நோயாளர் தொகைக் கணக்குக் கூறாது.

இறந்தோரும் சட்டமும்

நோயுற்றோரைத் தனிமைப்படுத்தும் அதிகாரம் அரசுக்கு 1897 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தால் வழங்கப்பட்டது. கப்பல்களையும் துறைமுகங்களையும் மனதிற்கொண்டு குடியேற்ற ஆட்சிக்காலத்தில் ஆக்கப்பட்ட அச்சட்டமே 2020 இலும் கையாளப்பட்டது. அதன்கீழ் 2020 ஏப்பிரல் 11 ஆம் திகதி வெளியான வர்த்தமானி அறிவித்தல், கொவிடினால் இறந்தோர் அனைவரின் உடல்களும் தகனம் செய்யப்படல் வேண்டும் என விதித்தது. அடக்கமும் தகனமும் ஆகிய இரண்டும் ஏற்புடையன என உலக சுகாதார நிறுவனம் கூறியிருந்தும், முஸ்லிம்களுக்கும் அடக்கத்தை விரும்பிய கிறித்தவர்களுக்கும் அவ்வுரிமை மறுக்கப்பட்டது. நோய்க்கு அஞ்சியதைவிட, நோயினால் இறந்தால் உடல் எரிக்கப்படும் என்பதற்கு அஞ்சியோரை மூதூரிலும் கிண்ணியாவிலும் நாம் சந்தித்தோம். காய்ச்சல் வந்தும் வைத்தியசாலைக்குச் செல்லத் தயங்கியோர் உண்டு.

2021 பெப்ரவரி 25 ஆம் திகதி அவ்விதி திருத்தப்பட்டது. மார்ச் 5 ஆம் திகதி தொடக்கம் மட்டக்களப்பு மாவட்டத்தின் ஓட்டமாவடியிலே அடக்கம் இடம்பெற்றது. தீவின் எத்திசையில் இறந்தோரும் அங்கேயே கொண்டுசெல்லப்பட்டனர். 2024 யூலையில் அமைச்சரவை, கட்டாயத் தகனத்தின் பொருட்டு மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. மன்னிப்பு வரலாற்றுக்குரியது, ஆனால் தந்தையின் மண்ணிலே ஒரு பிடி இடக் கிடைக்காத மகனின் அனுபவம் அம்மன்னிப்புக்குள் அடங்குவதன்று.

இந்துக்கள் வீட்டிலும் இழவு தன் வடிவை இழந்தது. எமது உறவினர் ஒருவர் 2021 ஓகஸ்டில் வேறொரு நோயினாலேயே காலமானார். அப்போதும் பரிசோதனை முடிவு வரும்வரை உடலுக்காகக் காத்திருக்க நேர்ந்தது. பந்தல் இல்லை, பறை இல்லை, ஒருவரையொருவர் கட்டிப்பிடித்து அழும் பெண்கள் இல்லை. எட்டுச்செலவுக்கும் அந்தியேட்டிக்கும் வீட்டார் மட்டுமே இருந்தனர். அழுவதற்கு ஊர் வேண்டும் என்பது அன்றுதான் விளங்கியது.

செய்யவேண்டுவது

இலங்கையிலே கொவிடினால் இறந்தோர் 16,000 க்கும் மேற்பட்டோர் எனப் பதிவுகள் கூறுகின்றன. இவ்வெண் நிலைக்கும், வர்த்தமானிகள் நிலைக்கும், கப்பல்களின் வருகைப் பதிவுகளும் நிலைக்கும். 1819 இல் நிலைத்தவையும் இவை போன்றனவே. அன்று கரையில் இருந்தோர்க்கு எழுத்து வாய்க்கவில்லை. இன்று எழுத்து அனைவர்க்கும் உண்டு. எனினும், எல்லாரும் அறிந்ததை எதற்கு எழுதுவது என்னும் எண்ணமே 1918 இன் மறதிக்கு வழிவகுத்தது போலும். எல்லாரும் அறிந்ததுதான் முதலில் மறைவது. ஏனெனில் அதனைச் சொல்லவேண்டிய தேவை எவர்க்கும் தோன்றுவதில்லை.

ஆதலால் பல்கலைக்கழகத் தமிழ் மாணவர் விடுமுறைக்கு ஊர் செல்லும்போது மேற்கொள்ளத்தக்க பணியொன்று உண்டு. தாய், தந்தையர், அயலவர், மீனவர், குடும்பநலத் தாதி, கிராம உத்தியோகத்தர், சுடலையிலும் மையவாடியிலும் பணிபுரிந்தோர் ஆகியோரை அணுகி, அவ்விரு ஆண்டுகளைப் பற்றி அவர்கள் மொழியிலேயே கேட்டு எழுதுதல் வேண்டும். திருகோணமலை தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் சேர்ந்து வாழும் மாவட்டம். ஒரு மொழியிற் கேட்டால் ஒரு பகுதியே கிடைக்கும். என்ன நடந்தது என்று மட்டும் கேட்டலாகாது. யாருக்கு அஞ்சினீர்கள், யார் உதவினர், எதனை உண்டீர்கள், எவருடைய இழவுக்குப் போகமுடியாது போயிற்று என்பனவும் வினாக்களாதல் வேண்டும். பேசியவர் விரும்பாவிடின் பெயரை மறைத்தெழுதலாம். திகதியையும் இடத்தையும் மட்டும் விடலாகாது.

டோபாஸ் புறப்பட்ட துறை இன்றும் இருக்கின்றது. அடுத்த நோய் கப்பலில் வருமோ, விமானத்தில் வருமோ நாம் அறியோம். அது வரும்போது, முன்னர் இங்கு வாழ்ந்தோர் இத்தகைய காலத்தை எவ்வாறு கடந்தனர் என்று எமது பிள்ளைகள் தேடுவர். அவர்கள் கையிலே கடற்படைப் பதிவேடு மட்டும் இருத்தல் போதாது. கரையில் இருந்தோர் எழுதிய ஏடும் இருத்தல் வேண்டும்.